விழாப் பாட்டும் வேதநாயக சாஸ்திரியாரும்

கிறிஸ்துமஸ் நாளில் கோவைச் சீர்திருத்தத் திருச்சபைகளில் ஒலிக்கும் தமிழ்க் கீர்த்தனைகளைக் கேட்போர், அவை ஆலயத்துள் நுழைய ஒரு காலத்தில் வழக்காட வேண்டியிருந்தது என்பதை எண்ணுவதில்லை. கத்தோலிக்கர்க்கு இச்சிக்கல் அத்துணை இல்லை. கருமத்தம்பட்டியில் செபமாலை அன்னைக்குக் கொடியேற்றமும் தேரும் உண்டு. கொங்கு நாட்டார்க்கு அவை புதியனவும் அல்ல. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு வழியினரோ செர்மானியப் பாக்களைத் தமிழாக்கிச் செர்மானிய மெட்டிலேயே பாடுவித்தனர். அசையும் சீரும் அங்கே பட்ட பாட்டைக் கவிஞர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

இந்நிலையை மாற்றியவர் 1774-இல் பிறந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். சுவார்ட்சு ஐயரால் வளர்க்கப்பெற்றுச் சரபோசி மன்னரின் ஆதரவையும் பெற்றவர். கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடிய அதே தஞ்சையில், இவர் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். சீயோன் மகள் தலைவி, கிறிஸ்து தலைவன். கோபர்னிக்கசின் வானியலுக்கும் அப்பாட்டில் இடம் கிடைத்தது! குறவஞ்சியின் கட்டுக்கோப்பு எதையும் தாங்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பின்வந்த புதிய மிஷனரிமார்க்கு இது பிடிக்கவில்லை. விழாவிலும் மணத்திலும் மலரும் தமிழிசையும் புறச்சமய வழக்கங்கள் என்று தடுத்தனர். பழகிய வேத மொழிபெயர்ப்பைத் திருத்தினர்; சாதி வேறுபாட்டையும் ஒழிக்க முனைந்தனர். சாஸ்திரியார் 1829-இல் எழுந்து வாதிட்டார். இங்கேதான் அவரைப் போற்றுவோர் சற்றுத் தயங்க வேண்டும். இசைக்காக எழுதிய அதே எழுதுகோல், ஆலயத்தில் சாதிவாரியாக அமரும் வழக்கத்தையும் காத்து நின்றது. தம் முன்னோர் வழக்கம் என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் கட்டினார். இசையில் அவர் கண்ட நியாயம் இருக்கையில் இல்லை. மிஷனரிமார் பக்கம் நியாயம் நேர்மாறாக நின்றது. நூற்றாண்டு மலர்களும் வரலாற்றுக் குறிப்புகளும் பெரும்பாலும் முதற்பாதியோடு நின்றுவிடுகின்றன.

முரசும் ஆட்டமும் கிறித்தவத்திற்கு அயல் என்று சொன்னோர் எத்தியோப்பியாவை அறிந்திருக்கலாம். அங்கே சனவரி 7-இல் வரும் கென்னா என்னும் பிறப்பு விழாவில் தெப்தராக்கள் என்னும் பாடகர் பெருமுரசு முழங்கக் கோயிலுள் அசைந்தாடுகின்றனர். கினே என்றொரு பாவகையை வழிபாட்டிற்கெனப் புதிதாகவும் இயற்றுகின்றனர். வெளிப்பொருளை மெழுகு என்றும் உட்பொருளைப் பொன் என்றும் அழைப்பர். நம் சிலேடைக்கு உறவினன் எனலாம்.

கோவையில் இலண்டன் மிஷன் 1830-இல் பணி தொடங்கியது. தஞ்சை வழக்கின் சூடு அப்போது ஆறியிருக்கவில்லை. 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், சாஸ்திரியாரின் பாடல்கள் பலவற்றைச் சேர்த்துக் கீர்த்தனைத் தொகுப்பொன்றை அச்சிட்டார். எண்பதை நெருங்கிய சாஸ்திரியார் அதைக் காண உயிரோடிருந்தார், 1864-இல் மறைந்தார்.