அட்டைச் சுற்றும் அனீசுர் ரஹ்மானின் பெட்டியும்

சேத்துப்பட்டு, ஆரணி பக்கம் பட்டுத் தறி ஓடுகிற வீட்டுக்குள் போனால், தறிக்கு மேலே ஜக்கார்டு இருக்கும். துளை போட்ட அட்டைகளைக் கோத்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு கட்டிவிடுவார்கள். சுற்று முடிந்ததும் டிசைன் மறுபடி முதலிலிருந்து ஓடும். அந்தச் சுற்றைவிட நீளமான மயிலை அதில் நெய்ய முடியாது. வால் முடியறதுக்குள்ளேயே அடுத்த மயிலின் தலை வந்து நிற்கும்.

இதே சிக்கல் கணினியில் திரவங்களை ஆராய்கிறவர்களுக்கும் உண்டு.

ஹைதராபாத்தில் 1927-ல் பிறந்த அனீசுர் ரஹ்மான், அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் 1964-ல் திரவ ஆர்கானைக் கணக்கிட்டார் (பெயர் ஒற்றுமை தற்செயல்தான்). சிடிசி 3600 கணினியில் மொத்தம் 864 அணுக்கள். அவற்றைச் சுவருள்ள பெட்டியில் அடைத்தால் கிட்டத்தட்ட பாதி அணுக்கள் ஓரத்திலேயே நிற்கும். அது திரவமே இல்லை. அதனால் அட்டைச் சுற்று மாதிரி, வலப்பக்கம் வெளியேறும் அணு இடப்பக்கம் உள்ளே வரும். இந்த உத்தி அவர் கண்டுபிடித்ததல்ல. லாஸ் அலமோஸில் மெட்ரோபோலிஸ் குழு 1953-லேயே 224 துகள்களை வைத்து இதைச் செய்திருந்தது.

இதில் ஒரு விதி இருக்கு: ஒவ்வொரு அணுவும் மற்றதன் நகல்களில் மிக அருகே உள்ளதை மட்டும் பார்க்க வேண்டும். ரஹ்மானின் பெட்டி ஒரு பக்கம் சுமார் 35 ஆங்ஸ்ட்ராம். அணுக்களின் விசையை 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் வெட்டிவிட்டார். பாதிப் பெட்டிக்கு ரொம்பக் கீழே. ஆர்கான் சின்ன உருண்டை என்பதால் சிக்கலே எழவில்லை. 1971-ல் ஸ்டிலிங்கருடன் 216 நீர் மூலக்கூறுகளை எடுத்தபோதும் அப்படித்தான்.

புரதம், டி.என்.ஏ. போன்ற பெரிய உடல்கள் வந்ததும் கதை மாறியது. எல்லையில் மூலக்கூறு இரண்டாக உடைந்தது போலத் திரையில் தெரியும். புதிதாக வருபவர்கள் பதறுவது இதைப் பார்த்துத்தான். உண்மையில் அது வெறும் படக்கோளாறு. எந்த அணு எத்தனை முறை எல்லை தாண்டியது என்று எண்ணி வைத்தால் ஒட்டிவிடலாம். ஆபத்து வேறிடத்தில். உடலின் நீளம் பாதிப் பெட்டியைத் தாண்டினால், அதன் தலைக்கு அதே உடலின் வாலைவிட நகலின் வால் கிட்டே வந்துவிடலாம். நிரல் தப்பான வாலோடு தூரத்தை அளக்கும். பெட்டி அளவுக்கே வளர்ந்தால் தலை நிஜமாகவே நகலின் வாலை முட்டும். படம் அழகாகத்தான் இருக்கும், எண்கள்தான் பொய்.

முதல் கோளாறுக்கு மருந்து உண்டு: உடலின் உள்தூரங்களை நகல் விதி இல்லாமல் நேராக அளப்பது. இரண்டாவதுக்குப் பெட்டியைப் பெரிதாக்கத்தான் வேண்டும். பக்கம் இரட்டித்தால் தண்ணீர் எட்டு மடங்கு. நீளவாட்டில் பெட்டி போட்டு மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். ஆனா மூலக்கூறு சும்மா கிடக்காதே, கொஞ்ச நேரத்தில் குறுக்கே திரும்பிக்கும்.