கல்லூரிக்காலம் கிடைத்த தலைமுறை

கல்லூரி நாட்களை நினைத்து ஏங்க வேண்டுமானால் முதலில் கல்லூரி நாட்கள் வாய்த்திருக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலைக்குப் போகும் தமிழ்த் தாய்மார்கள் பலருக்கு அந்த ஏக்கம் உண்டு. காலையில் பிள்ளையைத் தாஸ்கா என்னும் குழந்தைக் காப்பகத்தில் விட்டு, ரயில் பிடித்து, அலுவலகம் முடிந்து மறுபடி ஓடிவந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு வீடு சேர்வதற்குள் இருட்டிவிடுகிறது. அந்த ஓட்டத்துக்கு நடுவே பழைய தோழி ஒருத்தி புலனத்தில் (வாட்ஸ்அப்) போட்ட விடுதிப் படம் கண்ணில் பட்டால் போதும், மனம் ஒரு நிமிடம் அங்கேயே நின்றுவிடும். அவர்களுடைய பாட்டிமார்களுக்கும் ஓட்டம் இருந்தது. இதைவிடக் கடுமையான ஓட்டம் அது. திரும்பிப் பார்த்து ஏங்குவதற்குத்தான் அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்காட்டுக்கும் இடையே அவர்களுடைய வாழ்க்கையில் இடைவெளியே இருந்ததில்லை. அந்த இடைவெளி மலேசியத் தமிழ்ப் பெண்ணுக்கு எப்படிக் கிடைத்தது என்பது தனியாகச் சொல்ல வேண்டிய வரலாறு.

தமிழர்கள் மலாயாவுக்குக் கூட்டம் கூட்டமாக வந்த தொடக்கக் காலத்தில் பெண்கள் மிகக் குறைவு. 1901இல் இங்கிருந்த இந்தியர்களில் 1,000 ஆண்களுக்கு 200 பெண்கள்கூட இல்லை. ரப்பர் தோட்டங்கள் பெருகி, கங்காணிகள் ஊருக்குப் போய்க் குடும்பம் குடும்பமாக ஆள் கூட்டிவரத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. 1931இல் அந்த எண்ணிக்கை 480ஐ ஒட்டி வந்துவிட்டது. வந்த பெண்கள் சமைத்துப் போட வந்தவர்கள் அல்லர். தோட்டத்துக்கு அவர்களும் கணக்கில் உள்ள ஆட்கள், சம்பளப் புத்தகத்தில் பெயர் ஏறியவர்கள். 1920களின் இறுதியில் கூட்டரசு மலாய் மாநிலங்களின் எளிதில் போய்வரக்கூடிய மாவட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி வரையறுக்கப்பட்டது. ஒரே காடு, ஒரே மரம், ஆனால் பெண்ணுக்குப் பத்துக் காசு குறைவு.

அந்தப் பெண்ணின் காலைப்பொழுதை ரப்பர் மரம்தான் தீர்மானித்தது. குளிர்ந்த விடியலில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே இருட்டிலேயே எழுந்து அடுப்பு மூட்டிச் சோறாக்கித் தூக்கில் கட்டி வைக்க வேண்டும். தூங்குகிற குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஆயாக்கொட்டகைக்குப் போக வேண்டும். காட்டு வேலைக்கு முடியாத வயதான பெண் ஒருத்தி அங்கே ஆயாவாக இருப்பாள். வரிசையாகத் தொங்கும் ஏணைகளில் ஒன்றில் குழந்தையைக் கிடத்திவிட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய நாள் போயிற்று. பிறகு நிரையில் இறங்கினால் சில நூறு மரங்கள். முந்தைய நாள் வெட்டில் காய்ந்து கிடக்கும் கோட்டுப்பாலை உரித்தெடுத்து, உளியால் பட்டையை மெல்லிசாகச் சீவி, பால் வடியும் மங்கைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த மரம். ஆழமாகச் சீவினால் மரத்தில் காயம் என்று திட்டு; மேலோட்டமாகச் சீவினால் பால் குறைவு என்று திட்டு. கடைசி மரம் முடிந்ததும் முதல் மரத்துக்குத் திரும்பி வந்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டா என்ற காவடித் தடியில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுக்க வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை, கூலியும் இல்லை.

இன்று அலுவலகம் போகும் பெண் 'நேரமே இல்லை' என்று சொல்லும்போது, அவளுக்கு முன்பே அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் இவர்கள். சொல்லக்கூட அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை என்பதே உண்மை.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளேனும் உள்ள தோட்டங்களில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. பள்ளிகள் வந்தன, ஆனால் பல தோட்டங்களில் அது ஒற்றை அறை. சில இடங்களில் வாத்தியார் வேலையையும் கணக்கெழுதும் கிராணியோ கங்காணியோதான் பார்த்தார். அதிலும் பெண்பிள்ளைக்குக் கிடைத்த காலம் குறைவு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. கொஞ்சம் வளர்ந்ததும் அம்மாவின் நிரையில் மங்கு துடைக்கக் கை தேவைப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வயதில் அவள் குழந்தையாக இருப்பது முடிந்துவிடும். அதற்கு அடுத்த படி பெண்மை, தாய்மை, வேலை எல்லாம் ஒன்றாக வந்து சேரும். நடுவில் இளமை என்று தனியாக ஒரு பருவம் இல்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை இந்தக் கண்ணோடு மறுபடி படிக்க வேண்டும். ஆர். எச். நாதன் தலைமையில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்வைத்த கோரிக்கைகளில், சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலியும், கள்ளுக்கடைகளை மூடுவதும், வெள்ளைக்காரத் துரைமார்கள் எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையும் இருந்தன. சைக்கிள் கோரிக்கையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அதே பட்டியலில் இருந்த வேறு மூன்று குறைவாகவே பேசப்படுகின்றன: தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பெண்களிடம் தோட்டத்து அதிகாரிகள் அத்துமீறுவதற்கு முடிவு, பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைநாளை ஒழிப்பது. மூன்றுமே நேராகத் தோட்டத்துத் தாயின் வாழ்க்கையிலிருந்து வந்தவை. அந்த மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர்கள் வந்துவிட்டார்கள். சயாம் மரண ரயில் பாதை போட ஆண்களைப் பிடித்துக்கொண்டு போன வீடுகளில் பெண்கள் தனியாகவே குடும்பத்தைக் கரையேற்றினார்கள்.

நகரத்தில் கதை வேறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. கோலாலம்பூரைச் செங்கல்லால் கட்டியெழுப்பச் சூளைகள் எரிந்த பிரிக்பீல்ட்ஸ், ரயில்வேயின் இருப்பிடமாகவும் ஆனது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார்கள், நிலைய அதிகாரிகள், தமிழ்நாட்டிலிருந்து வந்த ரயில்வே ஊழியர்கள் என்று அங்கே ஒரு சம்பளக்கார வர்க்கம் உருவானது. விவேகானந்தா ஆசிரமம், கந்தசுவாமி கோயில், மிஷன் பள்ளிகள் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருந்தன. அந்தக் குவார்ட்டர்ஸ் வீடுகளின் பெண்பிள்ளைகள்தான் ஆங்கிலப் பள்ளிக்குப் போய், சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதி, ஆசிரியர்களாகவும் தாதியர்களாகவும் வெளியே வந்த முதல் வரிசை. தோட்டத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் சில மைல்தான். ஆனால் ஒரு பெண்பிள்ளை அந்தத் தூரத்தைக் கடக்க இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் ஆயின.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 1956இல் அங்கே இந்திய ஆய்வியல் துறை வந்தது. அத்துறையில் சமஸ்கிருதம் முன்னே நிற்பதா, தமிழா என்று பெரிய வாதம் எழுந்தது. தமிழுக்காக 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. தோட்டத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். இந்த வரலாற்றில் மனத்தை மிகவும் தொடும் இடம் இதுதான். தானும் போகாத, தன் பிள்ளை போகும் என்று கனவுகூடக் கண்டிராத ஒரு பல்கலைக்கழகத்துக்கு, அன்றாடக் கூலியிலிருந்து ஒரு வெள்ளியை எடுத்துக் கொடுத்தவர்களில் மரம் சீவிய பெண்களும் இருந்திருப்பார்கள். பின்னாளில் அவர்களுடைய பேத்திகள் அந்தத் துறையின் வகுப்பறைகளில் உட்கார்ந்தார்கள்.

பல்கலைக்கழகம் கோலாலம்பூரின் லெம்பா பந்தாய்க்கு வந்தது 1959இல். தனிப் பல்கலைக்கழகமானது 1962இல். 1961 முதல் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து வளாகம் அதிகத் தூரமில்லை. விடுதிச் சோறு சலித்துப்போன மாணவிகள் கூட்டமாகக் கிளம்பி வந்து வாழை இலைச் சாப்பாடு சாப்பிடுவதும், லிடோ திரையரங்கில் படம் பார்ப்பதும், இளஞ்சிவப்பு மினி பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு திரும்பிப் போவதும் வழக்கமாயின. 1975இல் ஓடத் தொடங்கிய அந்த மினி பஸ்கள் 1998இல் நின்றுபோயின. அவற்றின் நடத்துனர் கதவில் தொங்கியபடி ஊர்ப்பெயர்களைக் கத்தும் குரலை நினைவிலிருந்து அப்படியே சொல்லிக்காட்டும் ஆசிரியைகள் இன்றும் உண்டு. மேடையும் பேனாவும் அந்த வயதில்தான் கிடைத்தன. 1980களில் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை தொடங்கிய சிறுகதைப் போட்டியும் அதன் 'பேரவைக் கதைகள்' தொகுப்புகளும் எத்தனையோ பேரை எழுத வைத்தன.

அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்திருந்த வயதில், மகள் நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். யாருக்கும் சமைக்காமல், யாரையும் தூக்கிச் சுமக்காமல், ராத்திரி பதினொரு மணிக்குத் தோழிகளோடு தேநீர் குடித்துக்கொண்டு சிரித்தாள். மலாயாவுக்கு வந்த தமிழ்ப் பெண்களின் பரம்பரையில் தன் நேரம் தன் கையில் இருந்த முதல் ஆள் அவள். அதனால்தான் அந்த நினைவு இத்தனை ஆழமாக உள்ளே கிடக்கிறது. அதைப் பொழுதுபோகாத புலம்பல் என்று ஒதுக்குவோர், அந்த மூன்று வருஷத்துக்கு எத்தனை பேர் விலை கொடுத்தார்கள் என்பதை அறியாதவர்கள்.

பட்டத்தோடு வேலைக்கு வந்த பெண்ணுக்குச் சம உரிமை காத்திருக்கவில்லை. அதற்காகப் போராடிய ராசம்மா பூபாலன் 1927இல் ஈப்போவில் பிறந்தவர். பதினாறு வயதில் அக்கா பொன்னம்மாவோடு, இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். போருக்குப் பின் விட்ட படிப்பைத் தொடர்ந்து பட்டம் பெற்று ஆசிரியையானார். வகுப்பில் ஆணும் பெண்ணும் ஒரே பாடம் நடத்தினாலும் பெண்ணுக்குச் சம்பளம் குறைவாக இருந்த காலம் அது. அரசுப் பணியில் திருமணமான பெண்களுக்கு நெடுநாள் நிரந்தரப் பணி கிடையாது. 1960இல் அவர் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கிச் சம ஊதியத்துக்குப் போராடினார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் அரசுத் துறையில் சம ஊதியக் கொள்கை ஏற்கப்பட்டது. 1969 முதல் 1982 வரை அவரே கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. தோட்டத்தில் பத்துக் காசாக இருந்த குறைவு பள்ளிக்கூடத்துச் சம்பளச் சீட்டிலும் தொடர்ந்ததையும், பெண்களே அதை எதிர்த்து நின்றதையும் இன்றைய பட்டதாரித் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1970களிலிருந்து தோட்டத்துப் பெண்பிள்ளைகள் கூட்டமாக நகரத்துக்கு வந்தார்கள். எல்லோரும் வளாகத்துக்கு வரவில்லை. சுங்கைவே, ஷா ஆலம் மின்னணுத் தொழிற்சாலைகளின் பேருந்துகள் தோட்ட வாசலுக்கே வந்து அவர்களை ஏற்றிக்கொண்டன. பெண்கள் இரவு பத்து மணிக்கு மேல் ஆலையில் வேலை செய்யச் சட்டத்தில் தடை இருந்தது. விலக்குப் பெற்ற தொழிற்சாலைகளில் இரவு முறை தாராளமாக நடந்தது. அவர்களுக்கும் கல்லூரிக்காலம் இல்லை. தங்கைகளின் விடுதிக் கட்டணத்துக்கு அந்தச் சம்பளத்திலிருந்து பணம் போன வீடுகள் கிள்ளானில் ஏராளம்.

ஒன்று மட்டும் நகரத்துக்கு வந்தபோது கைநழுவியது. ஆயாக்கொட்டகையில் வசதி குறைவு, பல இடங்களில் சுகாதாரமும் குறைவு. ஆனாலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இடம் கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் வேலையாக இருந்தது. அலுவலகத்துக்கும் ஆலைக்கும் வந்த தாயின் பிள்ளையோ அவளுடைய சொந்தப் பொறுப்பானது. பக்கத்து வீட்டு அக்கா, ஊரிலிருந்து வந்து தங்கிய மாமியார், மாதக் கட்டணத் தாஸ்கா என்று அவளே வழி தேடிக்கொண்டாள். தாஸ்காக்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் சட்டம் 1984இல்தான் வந்தது.

2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் தனியார் துறையில் மகப்பேறு விடுப்பை 60 நாட்களிலிருந்து 98 நாட்களாக்கியது. தந்தைக்கு ஏழு நாட்கள் கொடுத்தது. வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. இரவு வேலைத் தடைப் பிரிவையும் நீக்கியது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக் கேட்டு இப்போது எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. குறையைச் சொன்னதற்காகத் தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது என்று கிள்ளான் தொழிலாளர்கள் கேட்டது 1941இல். காரணத்தை எழுத்தில் கொடு என்று கேட்கும் உரிமை அவர்களுடைய கொள்ளுப்பேத்திகளுக்கு வந்து சேர 82 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்த விண்ணப்பத்தைத் தயங்காமல் எழுதிக் கொடுக்க அவர்களுக்குப் படிப்பும் இருக்கிறது.