நூறு என்னும் எல்லை

1939ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள், வெள்ளிக்கிழமை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஆங்காங்கே கனன்றுகொண்டிருந்த காட்டுத் தீக்கள் கடுங்காற்றில் பெருகி ஒன்றுகூடின. காட்டுக்குள் மரம் அறுக்கும் ஆலைகளைச் சூழ்ந்திருந்த குடியிருப்புகள் சாம்பலாயின. அக்கோடையில் தீக்கு இரையானோர் 71 பேர். அந்நாளைக் ‘கரிய வெள்ளி’ என்று வரலாறு குறிக்கிறது.

அந்நாளையே அளவுகோலாகக் கொண்டவர் ஆலன் மெக்கார்தர் என்னும் வனவியல் அறிஞர். ஏட்டறிவோடு நில்லாது, காட்டில் தாமே தீ மூட்டி, அது பரவும் விரைவை அளந்து பார்த்தவர் அவர். மேட்டுச் சரிவு 10 பாகை கூடுந்தோறும் தீயின் விரைவு இருமடங்காகும் என்பது அவர் கண்ட விதி. அவ்வளவைகளைத் திரட்டி, 1960களில் ஒரு வட்டக் கருவியை அமைத்தார். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் தட்டுகளே அக்கருவி. வறட்சி, வெப்பம், காற்றின் ஈரம், காற்றின் விரைவு ஆகியவற்றுக்கேற்பத் தட்டுகளைத் திருப்பினால், 1 முதல் 100 வரை ஓர் எண் கிட்டும். கரிய வெள்ளியின் நிலையே 100. மின்சாரமோ கணித வல்லமையோ வேண்டியதில்லை. வனக் காவலர் எவரும் கையாளலாம். அவ்வெண்ணை ஒட்டியே வெளியிடங்களில் நெருப்பு மூட்டத் தடை விதிக்கப்பட்டது. சாலையோர அரைவட்டப் பலகைகளில் முள் நகர்ந்தது. சிறந்த வடிவமைப்பு என இதனைத் தயங்காது கூறலாம்.

ஆயினும், கண்ட அழிவுள் கொடியதையே முடிந்த எல்லை எனக் கொண்டது அக்கருவி. 1980இல் நோபிள், பேரி, கில் ஆகிய மூவர் அதன் கணக்கைச் சமன்பாடுகளாக வடித்தனர். தட்டில் 100க்கு மேல் எழுத இடமில்லை. சமன்பாட்டுக்கோ அத்தடை இல்லை.

2009 பிப்ரவரி 7ஆம் நாள் மெல்பர்ன் நகரில் வெப்பம் 46.4 பாகை செல்சியஸ். அன்று பல இடங்களில் எண் 100ஐக் கடந்தது. பலகையின் முள் சுட்டுவதற்கோ உச்சப் பிரிவுக்கு அப்பால் வேறொன்றும் இல்லை. 173 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் தம் இல்லங்களிலேயே இறந்தனர். முன்னரே வெளியேறுக, அன்றேல் நின்று வீட்டைக் காத்துக்கொள்க என்பதே அதுகாறும் மக்கள் பெற்றிருந்த அறிவுரை. அதன்பின் 100க்கு மேற்பட்ட நிலைக்குத் தனிப் பிரிவு வகுக்கப்பட்டது.

2022 செப்டம்பரில் நாடு முழுமைக்கும் புதிய முறை வந்தது. புல், புதர், காடு என எரிபொருள்வகைதோறும் வேறு கணக்கு. பலகையில் நான்கே படிகள். படிதோறும் மக்கள் செய்யவேண்டியது யாது என்னும் குறிப்பு. 100 என்னும் எண் அம்முறையிலும் உண்டு. உயிர் பிழைக்க அவ்விடம் விட்டு நீங்குக என்னும் நான்காம் படி தொடங்குவது அவ்வெண்ணில்தான்.