பட்டியலும் சஸ்பென்ஸ் கணக்கும்

அகதிகள் பற்றிய ஆய்வுகளுக்கு ஒரு தரவுத்தளம் தயாரிக்கும் நண்பர், எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று விதிகள் எழுதித் தரும்படி கேட்டார். க.நா.சு.வின் பட்டியல்களை வைத்து வருஷக்கணக்கில் சண்டை போட்ட வட்டாரம் நம்முடையது. சுலபம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதல் கேள்வி, அகதி யார்? 1951 ஜெனிவா உடன்படிக்கை, 1951 ஜனவரி 1க்கு முந்திய சம்பவங்களால் ஓடியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. 1967 நெறிமுறைதான் அந்தத் தேதியை எடுத்தது. இரண்டிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் நாகாவதி அணை முகாமில் இருப்பவர், இந்தியச் சட்டத்தின் கண்ணில் வெறும் அந்நியர். சட்டப் பெயரை விதியாக்கினால் அவர் பட்டியலில் இல்லை.

சரி, அரசு வழங்கும் சொல்லையே எடுத்துக்கொள்வோம் என்றால் சரித்திரம் குறுக்கே வருகிறது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாக்கினார்கள். இப்படி வந்தவர்களுக்கு இங்கே பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அதே மலையகத்திலிருந்து 1977 கலவரத்துக்குப் பயந்து வவுனியா பக்கம் போய், 1983க்குப் பின் படகேறியவர்களுக்குப் பெயர் 'அகதி'. ஒரே லயத்தில் பிறந்த அண்ணன் நீலகிரியில் பிரஜையாகவும் தங்கை முகாமில் அகதியாகவும் இருக்க முடியும். 2021இல் முகாம்களே 'மறுவாழ்வு முகாம்' ஆகிவிட்டன. சொல்லைத் தேடிப் போகும் பட்டியல் ஒவ்வொரு முறையும் யாரையாவது தவறவிடும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைப் பெயர் சொல்லிற்று. இலங்கை அதில் இல்லை. அதுவும் ஒரு தேர்வு விதிதான்.

வங்கியில் தலைப்புக் கிடைக்காத பதிவை சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். அங்கேயே விட்டுவிட முடியாது. ஏன் இத்தனை நாளாக நிற்கிறது என்று ஆடிட்டர் கேட்பார். எங்கள் அணைக்கரைகளில் முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு பதிவு நிற்கிறது.

ஆகவே நான் எழுதிக்கொடுத்தது இது: பெயரைப் பார்த்துச் சேர்க்க வேண்டாம், மனிதர்கள் தம் விருப்பமில்லாமல் எல்லை கடக்க நேர்ந்ததா என்று பார்த்தால் போதும். எந்த அரசு, எந்த வருஷம், என்ன பெயர் வைத்தது என்பது தனிக் கட்டத்தில் இருக்கட்டும். தமிழில் எழுதியது என்பதற்காகவோ, அச்சேறாத ஆய்வேடு என்பதற்காகவோ எதையும் தள்ளக்கூடாது.

குப்பையும் சேரும் என்கிறார் நண்பர். சேரும்தான். குப்பையை வாசகன் ஒதுக்கிவிடுவான். பட்டியலுக்கே வராததை அவன் எப்படித் தேடுவான்? தள்ளியவற்றையும் காரணத்தோடு ஒரு பட்டியலாகப் போடச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.