வழிப்போக்கருக்குத் திறந்த கதவு

குடும்பங்கள் வாழும் தெருவில் ஒருவர் தம் வீட்டின் ஓர் அறையைப் பயணிகளுக்கு விட்டு, காலை உணவும் அளித்துப் பணம் பெறலாமா? நகராட்சி அலுவலகத்தோடு முடிந்துவிடும் சிறு வினாவாகவே இது தோன்றும். ஆனால் அமெரிக்க நாட்டின் நூறாண்டு வரலாற்றில் இவ்வினாவைப் பின்தொடர்ந்து சென்றால், நமக்கு அடுத்திருப்பவர் யார் என்னும் பழைய வினாவின் முன்னேதான் போய் நிற்போம்.

1916ஆம் ஆண்டு நியூயார்க் மாநகரம், எப்பகுதியில் எத்தகைய கட்டடம் எழலாம் என்பதை நகர் முழுமைக்கும் வரையறுத்துச் சட்டம் இயற்றியது. பிற ஊர்களும் அவ்வழியே சென்றன. ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்னும் சிற்றூர் வகுத்த இத்தகைய விதியை எதிர்த்து ஒரு நில நிறுவனம் வழக்குத் தொடுத்தபோது, 1926இல் உச்ச நீதிமன்றம் ஊருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. குடியிருப்பு வேறு, வணிகம் வேறு என்னும் கோடு இவ்வாறு சட்டத்தின் வலிமையைப் பெற்றது. அக்கோட்டிற்கு நியாயமான காரணங்களும் இருந்தன. குழந்தைகள் விளையாடும் தெருவில் நெரிசலும் இரைச்சலும் தீ அபாயமும் வேண்டாம் எனப் பெற்றோர் விரும்புவது இயல்பன்றோ?

எனினும் வாழ்க்கை அக்கோட்டிற்குள் அடங்கிவிடவில்லை. மோட்டார் வண்டிகள் பெருகி, மக்கள் நெடுந்தொலைவு பயணம் செய்யத் தொடங்கியிருந்த வேளையில், 1929இல் பொருளாதாரப் பெருவீழ்ச்சி வந்தது. அடமானக் கடனைக் கட்ட இயலாத குடும்பங்கள் வீட்டின் முன் ஒரு பலகையை மாட்டி, காலியாக இருந்த அறையைப் பயணிகளுக்கு விட்டன. ‘டூரிஸ்ட் ஹோம்’ என இவ்வீடுகள் பெயர் பெற்றன. பலவற்றைப் பெண்களே நடத்தினர்.

இவ்வீடுகளின் அருமையை நன்கு உணர்ந்தவர்கள் கறுப்பின மக்கள். கையில் பணம் இருந்தும் அவர்களுக்கு விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டது. பொழுது சாய்ந்தபின் அவர்கள் தங்கவே கூடாது என்று விரட்டிய ஊர்களும் இருந்தன. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த அஞ்சல்காரர் விக்டர் ஹியூகோ கிரீன், 1936இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். அவர் பெயராலேயே அது ‘கிரீன் புத்தகம்’ என வழங்கலாயிற்று. கறுப்பினப் பயணிகள் அச்சமின்றித் தங்கவும் உண்ணவும் ஏற்ற இடங்களை ஊர்வாரியாக அது காட்டியது. விடுதியே இல்லாத பல ஊர்களின் கீழ் ஒரு பெண்மணியின் பெயரும் அவர் வீட்டு முகவரியும் மட்டுமே இருக்கும். விடுதியில் இடம் கிடைக்காத ஒரு குடும்பத்தை ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவில் நினைவுகூரும் நமக்கு, அம்முகவரிகளின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இந்நூல் தேவைப்படாத நாள் வரவேண்டும் என்பதே கிரீனின் விருப்பம். அவர் 1960இல் மறைந்தார். 1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டம் விடுதிகளில் இனப்பாகுபாட்டைத் தடை செய்தது. சில ஆண்டுகளில் நூலும் நின்றது. 1956இல் தொடங்கிய மாபெரும் நெடுஞ்சாலைத் திட்டத்தால் சாலையோர மோட்டல்கள் பெருகின. டூரிஸ்ட் ஹோம்கள் மறைந்தன. பின்னர் 1980களில் ‘படுக்கையும் காலை உணவும்’ என்னும் பெயரோடு வீட்டு விருந்தோம்பல் மீண்டும் பரவியபோது, பல ஊர்கள் நிபந்தனைகளோடு அதனை அனுமதித்தன: அறைகள் சிலவாக இருக்க வேண்டும், பெயர்ப் பலகை சிறிதாக இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, உரிமையாளர் அவ்வீட்டிலேயே குடியிருக்க வேண்டும்.

இந்த இறுதி நிபந்தனையின் ஆழம் பிற்காலத்தில்தான் விளங்கிற்று. 2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கட்ட இயலாத இளைஞர் இருவர், காற்றடைத்த மூன்று மெத்தைகளை விரித்து, மாநாட்டுக்கு வந்த மூவருக்கு இடமும் காலை உணவும் அளித்தனர். ஏர்பிஎன்பி நிறுவனத்தின் தொடக்கம் இதுவே. தொடக்கத்தில் விருந்தளிப்பவரும் உடனிருந்தார். நாளடைவில் பல வீடுகளில் அவர் மறைந்தார். குடும்பம் வாழவேண்டிய வீட்டை முதலீட்டாளர் வாங்கி, நாள் வாடகைக்கு விட்டு, சாவியை வாசலில் ஒரு பெட்டியில் வைத்தார். அண்டை வீட்டாருக்கு வாரந்தோறும் புதிய முகங்கள். அவசரத்துக்கு அழைக்க ஒரு பெயரும் இல்லை.

கிரீன் வாழ்ந்த அதே நியூயார்க், 2023 செப்டம்பர் முதல் கடுமையான விதியை நடைமுறைப்படுத்தியது. முப்பது நாளுக்குக் குறைவாகத் தங்குவோருக்கு வீட்டை விட்டால், குடியிருப்பவரும் அங்கே தங்கியிருக்க வேண்டும். விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. உள்ளறைக் கதவுகளைப் பூட்டி விருந்தினரைப் பிரித்து வைக்கவும் கூடாது. கடன் தவணைக்கு இவ்வருவாயையே நம்பியிருந்த சிறு வீட்டுக்காரர்கள் இதனால் பாதிக்கப்படுவதாக முறையிட்டனர். அக்குரலும் புறக்கணிக்கத் தக்கதன்று. நம் நாட்டில் தில்லி அரசு 2007இல் இயற்றிய சட்டமும் வீட்டிலேயே வாழும் குடும்பத்தை எண்ணியே வகுக்கப்பட்டது.

ஆக, பணம் வாங்கலாமா கூடாதா என்பது இங்கே முதல் வினா அன்று. டூரிஸ்ட் ஹோம் நடத்திய பெண்களும் பணம் பெற்றவர்களே. அதனால் அவர்கள் செய்த நன்மை சிறுமைப்படவில்லை. விருந்தினர் கதவைத் தட்டும்போது அதனைத் திறக்க வீட்டில் ஒருவர் இருக்கிறாரா என்பதே வினா. இருப்பாராயின் அந்தத் தெரு வழிப்போக்கருக்கும் இடம் தரும் தெருவாகவே விளங்கும். எவரும் இல்லையெனில் விருந்தினர் பெருகப் பெருக அண்டை வீட்டார் அருகிப் போவர். நம் ஊர்களில் இத்தகைய அனுமதி குறித்துப் பேச்செழும்போது இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்வது நலம்.