காடும் மண்ணும் விடும் மூச்சு: அளவீட்டு வரலாறு

மரங்களும் மண்ணும் வெளிக்காற்றோடு நடத்தும் வாயுப் பரிமாற்றத்தை அளப்பது தாவரவியலுக்கும் மண்ணியலுக்கும் வளிமண்டல அறிவியலுக்கும் பொதுவான துறை. பகலில் இலை கரியமில வாயுவை உள்ளிழுத்து உணவு தயாரிக்கிறது. இலை, தண்டு, வேர் மூன்றும் இரவு பகல் பாராமல் சுவாசித்து அதில் ஒரு பெரும்பகுதியைத் திருப்பி விடுகின்றன. சருகை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களும் அதே வாயுவை விடுகின்றன. நீர் தேங்கி ஆக்சிஜன் அற்றுப்போன சேற்றில் மீத்தேன் உருவாகிறது. மரத்தின் சுற்றளவை நாடாவால் அளந்து காட்டின் வரவை ஓரளவு கணித்துவிடலாம். செலவை அறிய வாயுவையே அளந்தாக வேண்டும். இத்துறையின் சிரமம் முழுவதும் அந்தச் செலவுக் கணக்கில்தான் இருக்கிறது.

ஐரோப்பாவில் யான் இங்கன்ஹவுஸ் 1779-இல், ஒளியில்லாதபோது செடிகள் காற்றைக் கெடுக்கின்றன என்று காட்டினார். தியோடர் டி சோசூர் 1804-இல் அந்த வாயுக்களை எடைபோட்டுக் கணக்கிட்டார். மண் பக்கம் கவனம் திரும்ப மேலும் பல ஆண்டுகள் ஆயின.

அந்தத் திருப்பத்தில் தமிழகத்துக்கு முக்கியமான இடம் உண்டு. சென்னை மாகாண அரசின் வேளாண் வேதியியலாளர் டபிள்யூ. எச். ஹாரிசனும் பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் 1913 முதல் நஞ்சை நெல்வயல் மண்ணின் வாயுக்களைப் பற்றித் தொடர் ஆய்வறிக்கைகள் வெளியிட்டார்கள். சேற்றுக்குள் சிக்கிய வாயுவில் மீத்தேன் மிகுந்திருந்தது. ஆனால் சேற்றின் மேற்பரப்பைத் தாண்டி வெளிவந்த வாயுவின் கலவை வேறாக இருந்தது. சேற்றின்மேல் படரும் பாசியும் பாக்டீரியாவும் கொண்ட மெல்லிய படலம் மீத்தேனை ஆக்சிஜனேற்றம் செய்கிறது என்றும், அந்தப் பாசி விடும் ஆக்சிஜன் நெல்லின் வேருக்குப் பயன்படுகிறது என்றும் அவர்கள் விளக்கினார்கள். மண்ணுக்குள் உண்டாவது வேறு, மண்ணிலிருந்து வெளியேறுவது வேறு என்ற இந்தப் பகுப்பு இன்றைய ஆய்வுகளுக்கும் அடிப்படை. மீத்தேன் ஆய்வாளர்கள் இன்றும் இந்த அறிக்கைகளை மேற்கோள் காட்டுகிறார்கள். நம் பாடநூல்களிலும் சுப்பிரமணிய ஐயரின் பெயர் இடம்பெற வேண்டும்.

1920-களில் சுவீடனின் ஹென்ரிக் லுண்டகோர்டு தரைமேல் மணி போன்ற கலத்தைக் கவிழ்த்து மண் சுவாசத்தை அளந்தார். அதன் எளிய வடிவம் இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் இருக்கிறது. அடிப்பக்கம் திறந்த ஓர் உருளையை மண்ணில் சில சென்டிமீட்டர் அழுத்திப் பதிக்கிறார்கள். உள்ளே ஒரு சிறு கிண்ணத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை வைத்து மூடிவிடுகிறார்கள். 24 மணி நேரம் கழித்து எடுத்து, பேரியம் குளோரைடு சேர்த்தால் கரைசல் பால்போல் வெளுக்கிறது. பிடிபட்ட வாயு கார்பனேட்டாகப் படிந்துவிட்டது என்று பொருள். மீதமுள்ள காரத்தில் பினாப்தலீன் இட்டு, இளஞ்சிவப்பு மறையும்வரை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம்பார்க்கிறார்கள். செலவு குறைவு. துல்லியமும் குறைவுதான்: மண் வேகமாகச் சுவாசிக்கும்போது கிண்ணம் முழுவதையும் பிடிப்பதில்லை. கரியமில வாயு அகச்சிவப்புக் கதிரை உட்கொள்ளும் அளவைக் கொண்டு அதை அளக்கும் கருவி 1938-இல் ஜெர்மனியில் உருவானது. பின்னாளில் அது கையில் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சுருங்கியது. ஒரு நாள் வேலை சில நிமிட வேலையாயிற்று.

கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய எச். எஃப். பர்ச் 1958-இல் எழுதியது நம் தட்பவெப்பத்துக்கு நேரடியாகப் பொருந்தும். காய்ந்து கிடந்த மண் நனைந்ததும் மட்குதல் திடீரென வேகமெடுத்து, கரியமில வாயு குபீரென வெளிப்படுகிறது. கோடை முடிந்து பெய்யும் முதல் மழை நாள்களைத் தவறவிட்ட அளவீடு ஆண்டுக் கணக்கையே பிசகாக்கிவிடும். 1992-இல் ரெய்ச், ஷ்லெசிங்கர் இருவரும் உலக மண் சுவாசத்தை ஆண்டுக்குச் சுமார் 6,800 கோடி டன் கார்பன் என மதிப்பிட்டார்கள். அன்று நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வெளியான கார்பனைப் போல் பத்து மடங்குக்கும் அதிகம் இது. 2001-இல் சுவீடனின் ஹோக்பெரி குழு பைன் மரங்களின் பட்டையை வளையமாக உரித்து, இலையிலிருந்து வேருக்கு இறங்கும் உணவைத் தடுத்தது. ஓரிரு மாதங்களில் மண் சுவாசம் பாதிக்கும் மேல் குறைந்தது. மண் விடும் மூச்சில் பெரும்பங்கு மரம் அண்மையில் உண்டாக்கிய உணவிலிருந்தே வருகிறது என்பது அப்போது தெளிவாயிற்று.

இந்தியாவில் கலம் கவிழ்த்து அளக்கும் முறை நெல்வயல் மீத்தேனை அளக்கவும் பயன்பட்டது. ஏ. பி. மித்ரா முன்னின்று நடத்திய 1991-ஆம் ஆண்டு நாடு தழுவிய அளவீடு, நம் வயல்கள் விடும் மீத்தேன் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் டன் என்று காட்டியது. வெளிநாட்டு மதிப்பீடுகள் அதைப்போல் பல மடங்கு சொல்லிவந்தன. வயலில் இறங்கி அளந்தவர்களின் சொல் சர்வதேசப் பேச்சில் எடுபட்டது.

தமிழகத்தில் மர அளவீட்டின் ஒரு முக்கியக் களம் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்த அலையாத்திக் காட்டில் சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் வளர்கின்றன. வெண்கண்டலின் அடியில் விரல் பருமனில் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும். அவற்றின் பட்டைத்துளைகள் வழியே காற்று உள்ளே போகிறது என்பதை ஷோலாண்டர் குழு 1955-இல் நிறுவியது. துளைகளை அடைத்தால் வேருக்குள் ஆக்சிஜன் அளவு குறைந்தது. வேலியேற்றத்தில் வேர் மூழ்கும்போது உள்ளழுத்தம் குறைந்தது. வேலியிறக்கத்தில் வேர் காற்றை உறிஞ்சிக்கொண்டது. உள்ளே காற்று போகும் வழியே வெளியே மீத்தேன் வரும் வழியாகவும் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் புர்வஜா, ரமேஷ் இருவரும் ஜெர்மனியின் பிரென்செலோடு சேர்ந்து பிச்சாவரத்தில் இதை அளந்து 2004-இல் வெளியிட்டார்கள்.

காட்டை மொத்தமாக அளக்கக் கோபுரம் வேண்டும். மரமுடிக்கு மேலே காற்றின் ஏற்ற இறக்கத்தையும் அதிலுள்ள வாயுவையும் நொடிக்குப் பத்து முறையோ அதற்கு மேலோ பதிந்து, மேலே போனது எவ்வளவு, கீழே வந்தது எவ்வளவு என்று கணக்கிடுவது எட்டி கோவேரியன்ஸ் முறை. சுந்தரவனத்தில் 2012-13-இல் ஒரு சதுர மீட்டர் காடு 1,271 கிராம் கார்பனை எடுத்து 1,022 கிராமைச் சுவாசத்தில் விட்டது. மிச்சம் 249 கிராம். பிச்சாவரத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனமும் இதே முறையில் அளந்தன. அந்த முடிவுகள் 2020-இல் வெளியாயின. கோபுரத்துக்கும் குறை உண்டு. காற்று அசையாத இரவில் வாயு தரையோடு தேங்கிவிடும். வேலிநீரில் கரைந்து கடலுக்குப் போகும் கார்பன் கோபுரத்தின் கணக்கில் வராது. ஆகையால் கோபுரம் இருக்கும் இடத்திலும் கலத்தைக் கைவிட முடியாது.

இத்தகைய அளவீட்டைச் சென்னையை அடுத்த தொழிற்பகுதியிலும் செய்யலாம். அங்கே மறைமலை நகர் முதல் ஒரகடம் வரை புகைபோக்கி வெளியேற்றத்தை அளப்பது ஆலைகளுக்குச் சட்டக் கடமை. அதே வட்டாரத்தில் வண்டலூர் காப்புக்காடு இருக்கிறது. வறண்ட முட்புதர் மண்ணும் ஏரிக்கரை மரங்களும் இருக்கின்றன. மரம் நட்டுக் கார்பனை ஈடுசெய்வதாகச் சொல்லும் நிறுவனங்கள் நட்ட மரத்தோடு அந்த மண்ணின் செலவையும் கணக்கில் காட்ட வேண்டும். அவ்வழியே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையிலுள்ள கல்லூரிகளின் மாணவர்கள் ஓர் உருளை, ஒரு கிண்ணம் காரக்கரைசலோடு கோடையிலும் முதல் மழைக்கு மறுநாளும் அளந்து, ஆண்டுதோறும் பதிந்துவர வேண்டும்.