சென்னைச் சாந்தும் ஆண்டுதோறும் அடித்த வெள்ளையும்

தமிழகக் கடற்கரை ஊர்களில் செங்கற்சுவரின் வெளிப்புறத்தை மழையிலிருந்தும் உப்புக் காற்றிலிருந்தும் காத்தது பெரும்பாலும் கிளிஞ்சல் சுண்ணாம்பே. பழவேற்காடு ஏரி போன்ற உப்பங்கழிகளில் படிந்து கிடந்த சிப்பி ஓடுகளை வாரிக் கழுவி, காளவாய் எனப்படும் சூளையில் கரியோடு அடுக்கடுக்காக இட்டுச் சுட்டு, வெந்த ஓட்டின்மேல் நீர் விட்டு நீற்றிப் பெற்ற அந்த ஒரே பொருள், செங்கற்களை இணைக்கும் சாந்தாகவும், அவற்றின்மேல் பூச்சாகவும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டுதோறும் அடிக்கும் வெள்ளையாகவும் பயன்பட்டது. ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட், ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கரியமில வாயுவை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. நீர் சேர்ந்ததும் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. சுவரில் ஏறியபின் காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கி, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. பூச்சும் அதன்மேல் அடித்த வெள்ளையும் இவ்வாறு ஒரே கல்லாகிவிடுவதால்தான், பல தலைமுறைகளாக அடித்த வெள்ளை ஏடு ஏடாகச் சுவரோடு ஒட்டி நின்றது.

இக்கலையின் உச்சம் சென்னையில் எட்டப்பட்டது. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், சென்னையில் சாந்து தயாரிக்கும் முறையை விவரித்து எழுதிய குறிப்பு, 1730களின் தொடக்கத்திலேயே இலண்டன் இராயல் கழகத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று. வெல்லம், கடுக்காய், நெய், தயிர், முட்டை வெண்கரு ஆகியவை சுண்ணாம்பில் சேர்வதை அக்குறிப்பு எடுத்துரைத்தது. 1780இல் சென்னைக்கு வந்த ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், கடலிலிருந்து காணும்போது கோட்டைக்குள் எழுந்த வெண்ணிறக் கட்டடங்கள் பளிங்குக்கு ஈடான மெருகோடு விளங்கியதைத் தமது பயண நூலில் பதிவு செய்துள்ளார். அந்தப் பளிங்குத் தோற்றத்துக்கு அடியில் இருந்தது வெறும் செங்கல்லும் சாந்தும்தான் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

கொத்தனார்களின் கைமுறையும் கவனிக்கத்தக்கது. நீற்றிய சுண்ணாம்பு பல நாள் நீரில் ஊறவைக்கப்பட்டது. பிறகு வட்டத் தொட்டியில் மாடு கட்டி இழுத்த கல் உருளையால் மணலோடு சேர்த்து அரைக்கப்பட்டது. கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீர், சாந்து உடனே இறுகிவிடாமல் தாமதப்படுத்தி, குறைந்த தண்ணீரிலேயே அதை இழைவாகப் பூச உதவியது. கடைசி மெல்லிய பூச்சுக்கு மணல் சேர்க்காமல், அம்மியில் வெண்ணெய்போல் அரைத்து வடிகட்டிய கிளிஞ்சல் சுண்ணாம்பே பயன்பட்டது. ஈரம் அடங்கும் தருணம் பார்த்து, மாக்கல் தூளைத் தூவி, வழுவழுப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்க்க, மேற்பரப்பின் நுண்துளைகள் நெருங்கி அடைபட்டு மெருகேறியது. தேய்க்கையில் கசியும் நீரை அவ்வப்போது துணியால் ஒற்றி எடுப்பதும் அந்த வேலையின் பகுதியே. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களிலும் தூண்களிலும் இன்றும் முகம் தெரியுமளவுக்குப் பளபளக்கும் பூச்சு இம்மரபைச் சேர்ந்ததாகும்.

இத்தனை உழைப்பைத் தாங்கும் வசதி எல்லா வீட்டுக்கும் வாய்க்கவில்லை. எளியவர் வீட்டுச் சுவருக்குக் கிடைத்தது வெள்ளையடிப்பு மட்டுமே. அதை ஏழையின் அலங்காரம் என்று தாழ்த்தி மதிப்பிடுவது பெரும்பிழை. அதற்கும் தெளிவான தொழில் அறிவு தேவைப்பட்டது. உதிரும் பழைய ஏட்டைச் சுரண்டி, சுவரை நனைத்து, பால்போல் நீர்த்த சுண்ணாம்பில் அரிசிக் கஞ்சியோ பசையோ கலந்து, மஞ்சள் சாயல் தெரியாதிருக்கச் சிறிது நீலம் சேர்த்து, தாழை விழுதை நசுக்கி நாராக்கிய மட்டையால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று முறை மெல்லியதாக அடிப்பர். கொளுத்தும் வெயிலில் அடித்தால், கரியமில வாயுவை வாங்குவதற்கு முன்பே ஈரம் போய்விடும். தொட்டால் கையில் ஒட்டும் தூளே சுவரில் மிஞ்சும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயிலும் தணிந்திருக்கும் மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கம் சுண்ணாம்பின் இயல்புக்கு வெகுவாகப் பொருந்தியது. கோயில் மதில்களில் வெள்ளையோடு மாறி மாறி வரும் செங்காவிப் பட்டைக்கும் இத்தகைய பொருத்தம் உண்டு. சுண்ணாம்பின் காரத்தில் பல தாவரச் சாயங்கள் வெளுத்துவிட, மண்ணிலிருந்து கிடைக்கும் காவி நிறம் மாறாமல் நிற்கும்.

20ஆம் நூற்றாண்டில் நிலை மாறியது. இந்தியாவில் சிமென்ட் உற்பத்திக்கான முதல் முயற்சி 1904இல் சென்னையில்தான் நடந்தது என்பதும், அதற்கும் கடற்சிப்பியே மூலப்பொருளாக இருந்தது என்பதும் வரலாற்றின் விந்தை. ஆனால் அம்முயற்சி நிலைக்கவில்லை. பின்னர் சிமென்ட் எங்கும் பரவியதும், வெள்ளைச் சிமென்ட்டை அடிப்படையாகக் கொண்ட ஸ்னோசெம் போன்ற பூச்சுகள் வெளிச்சுவருக்கு வந்தன. அடித்தபின் தண்ணீர் தெளித்து ஆற வைக்க வேண்டிய இவை, சிமென்ட் பூச்சுச் சுவரில் நன்றாகவே நின்றன. அடுத்து வந்த எமல்ஷன் வண்ணங்கள், பிளாஸ்டிக் தன்மையுள்ள மென்படலமாகப் படிந்து, ஆண்டுதோறும் மட்டை பிடிக்கும் வேலையையே ஒழித்தன.

புதிய சிமென்ட் சுவருக்கு அந்தப் படலம் ஏற்றதாக இருக்கலாம்; பழைய சுண்ணாம்புச் சுவருக்கு அது தீங்கே செய்கிறது. பழைய வீடுகள் பலவற்றின் அடித்தளத்தில் ஈரத்தடுப்பு இல்லாததால், நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தை அச்சுவர்கள் தம் நுண்துளைகள் வழியே வெளியே விட்டுக்கொண்டிருந்தன. ஊரார் ஓதம் என்று சொல்லும் அந்த ஈரம், படலத்தால் தடைபட்டு உள்ளேயே தங்க, அதில் கரைந்த உப்பு படலத்தின் பின்னால் பூத்து, வண்ணத்தைக் கொப்பளமாகத் தள்ளி, வெள்ளை ஏட்டோடு சேர்த்துக் காரையையும் பெயர்க்கிறது. அதை மறைக்க மேலும் ஒரு பூச்சு அடிப்பவர் கேட்டைப் பெருக்குகிறார். எமல்ஷன் படிந்த இடத்தில் சுண்ணாம்பு மீண்டும் ஒட்டாது. காரை தெரியும்வரை சுரண்டிய பின்னரே வெள்ளையடிக்க முடியும். ஆகவே, பழைய சுவர் இன்னும் எஞ்சியுள்ள வீடுகளுக்கும் கோயில்களுக்கும் பொறுப்பானவர்கள், முதல் வண்ண வாளியைத் திறப்பதற்கு முன்பே அச்சுவரின் காரை எதனால் ஆனது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.